ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு

போன பதிவுல நவரைப் பட்டத்துக்கு விதைநெல் எடுத்து வெச்சதைப் பத்தி எழுதியிருந்தேன். இந்த வாரம் வயல் விஷயம் இல்லை. பேரு விஷயம்.

எங்க காலனியில நிறைய பேருக்கு ரெண்டு பேரு இருக்குது. ஞானஸ்நானம் எடுக்கும்போது கோயில்ல வெச்ச பேரு ஒண்ணு, பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர்ல இருக்கற பேரு இன்னொண்ணு. (நாங்க சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவோம். காஞ்சிபுரத்துப் பக்கம் இருந்துக்கினு வேற வார்த்தை வாயில வராது.) ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஆபிரகாம்னு கூப்பிட்டா எழுந்து நிக்கறவர், திங்கக்கிழமை ஆபீஸ்ல ஆறுமுகம்னு கூப்பிட்டாலும் எழுந்து நிப்பார். பட்டணத்துல இருக்கறவங்களுக்கு இது வேடிக்கையா இருக்கும். எங்களுக்கு இதுலதான் பாதி வாழ்க்கை போவுது.

எங்க ஊர் காஞ்சிபுரத்துலேருந்து பஸ்ஸுல கால் மணி நேரம். ஏரிக்கரை மேல ஏறி நின்னா, வானம் தெளிவா இருக்கற நாள்ல ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் தெரியும். சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, சமணர் கோயில் இருக்கற திருப்பருத்திக்குன்றம் எல்லாம் இருக்கற ஊருக்குப் பக்கத்துல, ஓடு போட்ட ஒரு சின்ன சி.எஸ்.ஐ. கோயில் எங்களோடது. அறுபது குடும்பம். கிறிஸ்தவனா இங்க எப்படி வாழறதுன்னு எனக்குப் பிரசங்கம் சொல்லிக் கொடுத்ததைவிட எங்க அப்பா சொல்லிக் கொடுத்தது அதிகம். அவரு பிரசங்கியார் இல்லை. ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி.

நீர்க்கட்டின்னா என்னன்னு சொல்லிடறேன். ஏரி மதகைத் திறந்து மூடறது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நேரம்னு முறை வெச்சு தண்ணி விடறது, கரையில ஓட்டை விழுந்தா முதல் ஆளா ஓடறது, இதெல்லாம் நீர்க்கட்டி வேலை. வட ஜில்லாக்கள்ல இந்த வேலை பெரும்பாலும் எங்க ஜனங்க கையிலதான் இருந்தது. சம்பளம் கிடையாது. அறுப்பு முடிஞ்சா களத்துல ஒவ்வொருத்தரும் அளந்து போடற நெல்லுதான். ஊர்த்தெருவுல எங்க அப்பா செருப்பைக் கையில எடுத்துக்கினுதான் போவார். அந்தத் தெருக்காரங்க பயிர் பொழைக்கறதும் காயறதும் அவர் கையில இருந்தது.

தலைமடைக்காரர் ராத்திரியில ஆள் விட்டு, கொஞ்சம் கூட விடுய்யான்னு கேப்பார். அப்பா விடமாட்டார். கடைமடை வயலுக்குத் தண்ணி போய்ச் சேந்துச்சான்னு அரிக்கேன் விளக்கு எடுத்துக்கினு போய்ப் பாத்துட்டு வந்துதான் படுப்பார். கடைமடையில இருந்த ரெண்டு குடும்பம் அவரை ஏக வசனத்துல கூப்பிடறவங்க. அவங்களுக்கும் அதே அளவுதான். இதை அவர் தருமம்னோ ஊழியம்னோ பேரு வெச்சு சொன்னதில்லை. காலையில கிணத்தடியில மூஞ்சி கழுவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார், மண்வெட்டியை எடுத்துக்கினு கிளம்பிடுவார்.

ஏரி ரொம்பி கலங்கல் வழிஞ்சா கரையில இருக்கற அம்மனுக்கு ஊர் பொங்கல் வைக்கும். நீர்க்கட்டி அங்க இல்லாம எப்படி? அப்பா போவார். தலைப்பாகையைக் கழட்டிட்டு ஓரமா நிப்பார். விபூதி குங்குமம் எடுத்துக்கமாட்டார், எடுக்காததைப் பெருசா காட்டிக்கவும் மாட்டார். ஊர்க்காரங்களுக்கும் அது தெரியும். படைக்கறதுக்கு முன்னாடியே ஒரு சட்டியில கூழை எடுத்து அவருக்குன்னு தனியா வெச்சிருவாங்க. படைச்ச சோத்தைச் சாப்பிடலாமா கூடாதான்னு கொரிந்து சபைக்கு வந்த சண்டையைப் பத்தி பவுல் பக்கம் பக்கமா எழுதியிருக்கார். எங்க ஊர்ல அந்தச் சண்டையை ஒரு மண்சட்டி தீர்த்துடுச்சு.

என் தம்பி குழித்தறி போட்டிருக்கான். கூலிக்கு நெய்யறவன். டவுன்லேருந்து ஜெபக்கூட்டம் நடத்த வந்த ஒருத்தர், கோபுரக்கரையும் ருத்ராட்சக்கரையும் விசுவாசி நெய்யலாமான்னு அவன்கிட்ட கேட்டார். அவன் நாடாவை நிறுத்தாமலே சொன்னான்: "ஐயா, நான் கரை நெய்யறேன், சாமி நெய்யல. பொய்ச் சரிகையைப் போட்டுட்டு அசல்னு சொன்னா அப்போ வந்து கேளுங்க." அமாவாசைக்குத் தறிக்கு லீவு, ஞாயித்துக்கிழமை அவனுக்கு லீவு. வேலை நாள் கூடப் போவுதுன்னு முதலாளி முணுமுணுப்பார். ஆனா புடவையை வேற ஆள்கிட்ட கொடுத்ததில்லை.

2019-ல அத்திவரதர் வெளியில வந்தார் இல்லையா? ஜூலை 1-லேருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள். நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவைங்கறதால நாடே காஞ்சிபுரத்துக்கு வந்துச்சு. எங்க ரோட்டுல எந்நேரமும் ஜனம். எங்க சபைப் பசங்க ரோட்டோரம் தண்ணிப்பானை வெச்சாங்க. கமிட்டியில ஒரு பெரியவர், விக்கிரகத்தைப் பாக்கப் போறவங்களுக்கு நாம தண்ணி கொடுக்கலாமான்னு கேட்டார். நீர்க்கட்டி மகன்கிட்ட கேட்டா என்ன பதில் வரும்? போறவங்க எங்க போறாங்கன்னு பாத்து ஊத்தற தண்ணியை எங்க வீட்டுல நாங்க பாத்ததில்லைன்னு சொன்னேன். அவரும் மறுநாள் ரெண்டு குடம் கொண்டாந்து வெச்சார்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சுலபம். மனுஷன் மனுஷனோட முகம் பாத்துப் பேசறதுல ஒரு வழி கிடைச்சுடும். காகிதத்துக்கு முகம் கிடையாது. கஷ்டம் அங்கதான்.

நாங்க எப்படி கிறிஸ்தவங்க ஆனோம்னு கேட்டா, ஸ்காட்லாந்து மிஷன் காலத்துக்குப் போகணும். காஞ்சிபுரத்துல இன்னைக்கும் ஆண்டர்சன் பேர்ல பள்ளிக்கூடம் இருக்குதே, அந்த மிஷன். அப்போ இது எல்லாமே செங்கல்பட்டு ஜில்லா. திரமென்ஹீர்னு ஒரு கலெக்டர் 1891-ல எங்க ஜனங்களோட நிலைமையைப் பத்தி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார். உழுதவனுக்கு நிலம் இல்லை, குடியிருக்கற இடம்கூட சொந்தம் இல்லைன்னு. அதுக்குப் பிறகு 1892 செப்டம்பர் 30-ல வந்த அரசாணைப்படி கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். அதே காலத்துல ஆடம் ஆண்ட்ரூங்கற மிஷனரி, செங்கல்பட்டு பக்கம் எங்க ஜனங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்து மெல்ரோசாபுரம்னு ஒரு குடியிருப்பையே உண்டாக்கினார். எங்க தாத்தா காலத்து ஆளுங்களுக்கு நிலமும் வேதமும் ஒண்ணா வந்த சேதி.

இதைச் சொன்னா உடனே சில பேர், அரிசி மூட்டைக்கு மதம் மாறினவங்கன்னு எழுதுவாங்க. நெல்லு விளைவிச்சவனைப் பாத்து அரிசி மூட்டைக்கு வந்தவன்னு சொல்றதே ஒரு தமாஷ். அதை விடுங்க. லாபத்துக்காக வந்தோம்னா, நஷ்டம்னு தெரிஞ்ச பிறகு போயிருக்கணும் இல்லையா? நஷ்டம் என்னன்னு கேளுங்க.

1950 ஆகஸ்ட் 10-ல வந்த ஜனாதிபதி உத்தரவு, இந்து இல்லாதவங்களைப் பட்டியல் சாதியில சேர்க்க முடியாதுன்னு சொல்லிச்சு. அப்புறம் 1956-ல சீக்கியங்களைச் சேர்த்தாங்க, 1990-ல பௌத்தங்களைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவங்களையும் முஸ்லிம்களையும் இன்னைக்கு வரைக்கும் சேர்க்கலை. தமிழ்நாட்டுல மதம் மாறின ஆதிதிராவிடர் எத்தனை தலைமுறை ஆனாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல வருவாங்க. அதாவது 18 சதவீதத்துல இடம் இல்லை, 26.5 சதவீதத்துல போட்டி போடணும். மாநில அரசு சில படிப்பு உதவித்தொகையில எங்க பிள்ளைகளையும் சேர்த்திருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஆனா 1989 வன்கொடுமைச் சட்டம் எங்களுக்குத் துணைக்கு வராது. காஞ்சிபுரம் எம்.பி. தொகுதி தனித்தொகுதி. அதுல நான் ஓட்டுப் போடலாம், நிக்க முடியாது.

சென்னையில ரோட்டோரம் செருப்பு தைச்சுக்கினு இருந்த சூசைங்கறவர் இதுக்காக சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனார். இந்து ஆதிதிராவிட செருப்புத் தொழிலாளிக்கு அரசாங்கம் பங்க் கடை கொடுத்துச்சு, பக்கத்துல அதே வேலை செஞ்ச இவருக்கு இல்லைன்னு சொல்லிடுச்சு. மதம் மாறின பிறகும் அதே அளவு இழிவு தொடருதுன்னு போதுமான ஆதாரம் இல்லைன்னு 1985-ல கோர்ட்டு தள்ளுபடி பண்ணிடுச்சு. நான் கோர்ட்டைக் குறை சொல்லலை. எங்க ஊர் டீக்கடையில தனி டம்ளர் வெச்சிருந்த காலத்துல, எந்தக் கடைக்காரரும் ஞானஸ்நானச் சீட்டு கேட்டு டம்ளரை மாத்தினதில்லைன்னு மட்டும் சொல்லிக்கறேன்.

நான் ஒண்ணாம் வகுப்பு சேரும்போது, மதம்ங்கற இடத்துல என்ன போடட்டும்னு வாத்தியார் கேட்டார். நல்ல மனுஷர். "இந்துன்னு போட்டுடறேன்யா, பையனுக்குப் பின்னாடி உதவும். நீ எங்க போய் சாமி கும்பிட்டா யாருக்கு என்ன?"ன்னு அவரே சொன்னார். அப்பா கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, "மதகுக்கு இந்தப் பக்கம் ஒரு அளவு, அந்தப் பக்கம் ஒரு அளவு வெச்சா ஏரி தாங்காதுங்க ஐயா. கிறிஸ்தவன்னே எழுதிக்குங்க"ன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்கு என்ன விலைன்னு அன்னைக்கு அவருக்கு முழுசா தெரியாது. பிளஸ் டூ முடிச்சப்போ எனக்குத் தெரிஞ்சுது. என்னைவிடக் குறைஞ்ச மார்க்கு வாங்கின, ஒரே பெஞ்சுல உட்கார்ந்த சிநேகிதனுக்கு அரசு வேலை கிடைச்சுது. அவங்க வீட்டுல வேற மாதிரி எழுதியிருந்தாங்க. நான் ஏர் பிடிச்சேன். சில ராத்திரி அப்பா மேல கோவம் வந்திருக்கு. ஆனா என் பிள்ளைங்களுக்கு எழுத வேண்டிய நேரம் வந்தப்போ, நானும் என் வீட்டுக்காரியும் அதையேதான் எழுதினோம். பெரியவன் டிப்ளமோ படிச்சுட்டு ஒரகடத்துல கம்பெனிக்குப் போறான்.

இப்போ இன்னொரு வீடு. ரெண்டு மூணு வீட்டுக் கதையைக் கலந்து, ஊரையும் வேலையையும் மாத்தித்தான் எழுதறேன். யாருன்னு தேடாதீங்க. அந்த வீட்டுல இந்துன்னு எழுதினாங்க. பொண்ணு நல்லா படிச்சா, அரசு வேலைக்குப் போனா. வீட்டுக் கடனை அடைச்சா, தம்பியைப் படிக்க வெச்சா. சின்ன வயசுலேருந்து ஞாயிறு பள்ளியில பாட்டு சொல்லிக் கொடுத்தவ அவ. கல்யாணம் நிச்சயமாச்சு. கோயில்ல கல்யாணம்னா மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும், 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்து அவ வேலைக்கே உலை வெச்சுடும். அவ தாத்தா செங்கல் சுமந்து கட்டின கோயில் அது. கடைசியில மண்டபத்துல கல்யாணம் நடந்துச்சு. முந்தின நாள் ராத்திரி ஐயர் வீட்டுக்குள்ள வந்து, கதவைச் சாத்திக்கினு ஜெபம் பண்ணிட்டுப் போனார். அவ பாடலை. அழுதுக்கினு இருந்தா.

2024 நவம்பர் 26-ல சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு தீர்ப்பு சொல்லிச்சு. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கு. ஞானஸ்நானம் எடுத்து, கோயிலுக்குப் போயிக்கினு, இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்துன்னு சொல்றது அரசியல் சாசனத்துக்கே செய்யற மோசடின்னு. அன்னைக்கு சாயங்காலம் எங்க காலனியில நிறைய வீட்டுல டிவி சத்தத்தைக் குறைச்சுட்டாங்க.

பட்டணத்துலேருந்து வர்ற பிரசங்கியார்மாருங்க இந்த ஜனங்களைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிடறாங்க. எல்லாரும் தானியேல் மாதிரி இருக்கணும்ங்கறாங்க. தானியேல் பெரிய ஆளுதான். ஜெபம் பண்ணினா சிங்கக் குகைன்னு சட்டம் வந்த பிறகும், வழக்கம் போல ஜன்னலைத் திறந்து வெச்சுக்கினு மூணு வேளையும் முழங்கால் போட்டவர். எங்க அப்பா அந்த ஜாதி ஆளு. ஆனா அதே வேதத்துல நாகமான்னு ஒருத்தர் இருக்கார், அவரைப் பத்தி யாரும் பிரசங்கம் முடியறவரைக்கும் பேசறதில்லை.

நாகமான் சீரியா ராஜாவோட சேனாதிபதி. குஷ்டம் நீங்கினதும், இனிமே இஸ்ரவேலின் கடவுளைத்தான் கும்பிடுவேன்னு சொல்லிட்டு எலிசாகிட்ட ரெண்டு விஷயம் கேக்கறார். ஒண்ணு, இந்த ஊர் மண்ணு ரெண்டு கோவேறு கழுதை சுமக்கற அளவு வேணும். ரெண்டாவது, எங்க ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போய் என் கையைப் பிடிச்சுக்கினு குனியும்போது நானும் குனிய வேண்டி வரும், அதை மன்னிக்கணும். எலிசா சரின்னும் சொல்லலை, தப்புன்னும் சொல்லலை. சமாதானமா போய்வான்னு அனுப்பி வெச்சுட்டார்.

எனக்கு அந்த மண்ணு மேல ஒரு கண்ணு. விவசாயி இல்லையா! பகைவர் ஊருக்கு, தினம் குனிய வேண்டிய இடத்துக்கு, மண்ணை மூட்டை கட்டித் தூக்கிக்கினு போறான் ஒரு ஆளு. வெளியில குனிஞ்சுட்டு வந்து, வீட்டுக்குள்ள அந்த மண்ணு மேல முழங்கால் போடறதுக்கு. அவனைக் கோழைன்னு நான் எப்படி சொல்லுவேன்? எங்க சபையில தானியேலும் இருக்காங்க, நாகமானும் இருக்காங்க. ஒரே பாய்லதான் உட்கார்ந்து திருவிருந்து எடுக்கறோம்.

அப்படின்னா எதை எழுதினாலும் ஒண்ணுதானான்னு கேட்டா, இல்லை. சட்டம் என்ன சொல்லுதுன்னு கோர்ட்டு தெளிவா சொல்லிடுச்சு. மாத்தி எழுதுன்னு நான் யாருக்கும் சொல்லமாட்டேன், என் வீட்டுலயும் எழுதலை. ஆனா மாறணும்னு நான் கேக்கறது அந்தப் பொண்ணை இல்லை, அந்தச் சட்டத்தை. 2007-ல வந்த ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் மதத்தை வெச்சுப் பிரிக்காதீங்கன்னு சொல்லிச்சு. 2023 ஏப்ரல் 19-ல தமிழ்நாடு சட்டசபையும் அதையே கேட்டுத் தீர்மானம் போட்டுச்சு. நேர்மையா இருக்கறவன் நஷ்டப்படணும், பொழைக்கணும்னா பொய் சொல்லணும்னு ரெண்டே வாசல் வெச்சுட்டு, இந்த ஜனங்களுக்கு உண்மை பேசத் தெரியலைன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

எங்களுக்குள்ள நடக்கற ஒண்ணையும் சொல்லணும். பக்கத்து ஊர்ல ரெண்டு குடும்பத்துக்கு வரப்புத் தகராறு. ரெண்டு பேரும் ஒரே சபை. ஒரு முழ மண்ணுக்காக ஆரம்பிச்ச சண்டை, ஒருத்தர் இன்னொருத்தர் மகனோட சாதிச் சான்றிதழைப் பத்தி மொட்டைக் கடுதாசி போடற வரைக்கும் போச்சு. எழுதினதுல ஒரு வரிகூட பொய் இல்லை. ஆனா அதை உண்மைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. தன் வரப்புக்காக ஒருத்தன் வீட்டு அடுப்பை அணைக்கறதுக்குப் பேரு சாட்சி சொல்றது இல்லை. தானியேல் தன் ஜன்னலைத்தான் திறந்தான். பக்கத்து வீட்டு ஜன்னலைப் போய்த் திறக்கலை.

விசுவாசமா வாழறது, விவேகமா வாழறதுன்னு ரெண்டு சொல்றாங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும், என் பேருக்கான விலையை நானே கொடுக்கறது விசுவாசம். அடுத்தவன் பேரை என் கையில ஆயுதமா எடுக்காம இருக்கறது விவேகம். முதலாவது இருந்து ரெண்டாவது இல்லாதவன் பெரிய யோக்கியனா தெரிவான், ஊர் அவன்கிட்ட பயப்படும். அவ்வளவுதான்.

1994 அக்டோபர் 10-ஆம் தேதி, காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடினவங்க மேல செங்கல்பட்டுல போலீஸ் சுட்டதுல ரெண்டு பேர் செத்தாங்க. ஒருத்தர் பேரு ஜான் தாமஸ், இன்னொருத்தர் பேரு ஏழுமலை. எங்க ஜனங்க இன்னும் அந்த ரெண்டு பேரையும் சேர்த்தேதான் சொல்றாங்க, தனித்தனியா சொல்லி நான் கேட்டதில்லை.

கமிட்டியில இருக்கறதால பசங்க என்கிட்ட வந்து, "பெரியப்பா, பிள்ளைக்கு பள்ளிக்கூடத்துல என்ன எழுதட்டும்?"னு கேக்கறாங்க. எங்க வீட்டுல என்ன எழுதினோம், அதுல என்ன போச்சு, என்ன மிஞ்சிச்சுன்னு கணக்கு மறைக்காம சொல்லுவேன். கோர்ட்டு சொன்னதையும் சொல்லுவேன். நீயும் உன் வீட்டுக்காரியும் முழங்கால் போட்டுக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னு அனுப்புவேன். போகும்போது, எதை எழுதினாலும் ஞாயித்துக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கினு வந்துடுன்னு சொல்லுவேன். பாய் பெருசுதான், இடம் இருக்குது.